முகம் தேய்ந்த காசு

அந்த ஆண்டு காய்ச்சல் துறைமுகப் பாதை வழியாக ஊருக்குள் வந்தது. முதலில் வண்டிக்காரர்கள் படுத்தார்கள். பிறகு அவர்கள் தங்கிய வீட்டுக்காரர்கள் படுத்தார்கள். ஆவணி முடிவதற்குள் குயவர் தெருவில் அடுப்பு எரியும் வீடு அரிதாகிவிட்டது.

ஊருக்கு மேற்கே ஒரு குன்று. குன்றின் இடுப்பில் ஒரு குகை. உள்ளே பாறையில் வெட்டிய படுக்கைகள் வரிசையாக இருக்கும். சமணத் துறவியான இளநாகி அடிகள் அங்கே வாழ்ந்தார். வீட்டார் கைவிட்ட நோயாளிகளை அந்தக் கற்படுக்கைகளில் கிடத்திவிட்டு, அவர் வாசலில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார்.

பிட்டன் அவருடைய மாணவன். ஊரில் பேர்பெற்ற பொன்தட்டான். அடிகளைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் அவர் அவனை 'நீ' என்றுதான் அழைப்பார். அவனுக்கும் அது பிடித்திருந்தது. ஊரில் அவனிடம் பேசுகிறவர்கள் எல்லாம் அவன் கையிலிருக்கும் பொன்னிடம்தான் பேசினார்கள்.

ஒரு நாள் காலை அவன் குன்றேறி வந்தான்.

"அடிகளே, ஒரு சந்தேகம்."

"சொல்."

"காய்ச்சல் தணிய அம்மனுக்குப் பொன்னில் உருவம் செய்வது என்று மன்றத்தில் முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வீடு போய் யவனக் காசுகளை வாங்கிவிட்டார்கள். நான்தான் உருக்க வேண்டும்."

"உருக்கு."

"காசின் ஒரு பக்கத்தில் அரசன் தலை இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேற்று நாட்டு அரசன் ஆணை இங்கே செல்லாது என்று, அவன் முகத்தில் உளியால் ஒரு கோடு போட்டுத்தான் நாமே வாங்குகிறோம். மறுபக்கத்தில் தெய்வங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் உளி வைத்ததில்லை. தெய்வத்தை உருக்கித் தெய்வம் செய்வது பாவமா?"

அடிகள் ஒரு துணியை நீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம் என்று சொன்னால் உருக்காமல் இருப்பாயா?"

பிட்டன் யோசித்தான். "மன்றத்தார் விடமாட்டார்கள்."

"பிறகு ஏன் கேட்கிறாய்?"

"தெரிந்துகொள்ளத்தான்."

"இந்தத் துணியைக் கொண்டுபோய் அந்தக் கடைசிப் படுக்கையில் இருப்பவர் நெற்றியில் போடு," என்றார் அடிகள்.

அவன் தூரத்திலிருந்தபடியே கையை நீட்டித் துணியைப் போட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தான். கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

கோட்டை வாசலில் ஒரு யவனன் காவல் இருந்தான். கப்பலில் வந்தவன், திரும்பிப் போகவில்லை. இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தமிழ் பேசப் பழகியவன். அவன் பெயர் எர்மோன். ஊர் வாயில் அது எருமன் ஆயிற்று. முதலில் அதற்காகச் சண்டை போட்டான். பிறகு, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டான்.

பிட்டன் அவன் முன்னால் துணியை விரித்துக் காசுகளைப் பரப்பினான். வெயிலில் பொன் கண்ணைக் கூச வைத்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"இறகு முளைத்த இந்தப் பெண் யார்?"

"வெற்றி."

"வெற்றி ஒரு பெண்ணா?"

"எங்களுக்குப் பெண்தான். பறந்து வருவாள். பறந்தும் போய்விடுவாள்."

"இவள்?"

"ஒரு கையில் கப்பலின் சுக்கான், மறு கையில் பழம் நிறைந்த கொம்பு. வாழ்வு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இவள்தான் முடிவு செய்வாள். கண் தெரியாதவள் என்றும் சிலர் சொல்வார்கள்."

"இது கோயில் மாதிரி இருக்கிறதே? கதவு சாத்தியிருக்கிறது."

"உள்ளே இரண்டு முகம் உள்ள தெய்வம் இருக்கிறது. போர் நடக்கும்போது கதவைத் திறந்து வைப்பார்கள். போர் இல்லை என்றால் சாத்துவார்கள்."

"இதில் சாத்தியிருக்கிறதே."

"எப்போதோ ஒரு முறை சாத்தியிருப்பார்கள். உடனே காசில் அடித்துவிட்டார்கள்."

பிட்டன் அடுத்ததை எடுத்தான். கிண்ணம் ஏந்தி அமர்ந்த ஒரு பெண்.

"உடல் நலம்," என்றான் எருமன்.

பிட்டன் நிமிர்ந்தான். "காய்ச்சலைத் தீர்ப்பவளா?"

"அப்படித்தான் சொல்வார்கள்."

"அப்படியானால் உங்கள் ஊரில் காய்ச்சல் வராதா?"

எருமன் காசைத் திருப்பித் துணியில் வைத்தான். "என் தாயும் இரண்டு தங்கைகளும் ஒரே வாரத்தில் போனார்கள். இவள் பொன் காசில் இருப்பவள். எங்கள் வீட்டுப் பக்கம் இவள் வந்ததே இல்லை."

கோட்டை வாசலில் ஒரு பாடை வெளியே போயிற்று. எருமன் எழுந்து வழிவிட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தான்.

"இதுதான் ஊரில் அதிகம்," என்றான் பிட்டன். நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் நீண்ட கோலும் மறு கையில் சிறு கிளையும் பிடித்த பெண் ஒருத்தி அந்தக் காசில் இருந்தாள்.

"அமைதி என்று சிலர் சொல்வார்கள். அரசனின் தாய் என்று சிலர் சொல்வார்கள். நான் அரசனின் தாயையும் பார்த்ததில்லை. அமைதியையும் பார்த்ததில்லை."

கடைசியாக ஒரு காசு மிஞ்சியது. துளையிட்டு நூல் கோத்த காசு. ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். நாற்காலியின் கால் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மேலே உடம்பு இருந்த இடம் வழுவழுப்பாக இருந்தது. முகமே இல்லை.

எருமன் அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தான். "இது யார் என்று சொல்ல முடியாது. யாரோ தேய்த்தே அழித்துவிட்டார்கள்."

பிட்டன் அதைத் தனியாக முடிந்துகொண்டான்.

அவன் மனம் நிறைந்திருந்தது. இத்தனை காலம் கையால் தொட்டு, உரசி, நிறுத்துப் பார்த்த காசுகளில் இப்படி ஓர் உலகமே இருந்திருக்கிறதே என்று வியந்துகொண்டு நேராகக் குன்றுக்குப் போனான்.

அடிகள் ஒரு கிழவர் அருகில் இருந்தார். குயவர் தெருவுக்கு மூத்தவர் அவர்.

"வா. இவர் தலையைச் சற்றுத் தூக்கிப் பிடி," என்றார்.

பிட்டன் தயங்கினான். பிறகு கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினான். தோல் கொதித்தது. அடிகள் வடிகட்டிய நீரைச் சிரட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிழவர் வாயில் விட்டார்.

பிட்டனால் பேசாமல் இருக்க முடியவில்லை. இறகுள்ளவளைப் பற்றிச் சொன்னான். சுக்கான் பிடித்தவளைப் பற்றிச் சொன்னான். சாத்திய கதவைப் பற்றிச் சொன்னான்.

"நமக்கு மலைக்கு ஒரு தெய்வம், கடலுக்கு ஒரு தெய்வம், காட்டுக்கு ஒரு தெய்வம். அவர்களுக்கு வெற்றிக்கு ஓர் உடம்பு, அமைதிக்கு ஓர் உடம்பு, நலத்துக்கு ஓர் உடம்பு. அப்படியானால் நோய்க்கும் அவர்களிடம் ஓர் உருவம் இருக்க வேண்டும், இல்லையா? சாவுக்கு? அதை ஏன் காசில் அடிக்கவில்லை?"

அடிகள் சிரட்டையைக் கீழே வைத்தார். கிழவரின் கண்களை உள்ளங்கையால் மூடினார்.

"இனி நீ கையை எடுத்துக்கொள்ளலாம்," என்றார்.

பிட்டன் குனிந்து பார்த்தான். "எப்போது போனார்?"

"நீ சுக்கானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது."

பிட்டன் குன்றின் அடியில் ஓடும் ஆற்றில் இறங்கி வெகுநேரம் கையைக் கழுவினான்.

மறுநாள் உலை மூட்டினான். தெரிந்த தெய்வங்களை நெருப்பில் போடக் கை கூசியது. அதனால் முகமில்லாத காசின் நூலை அறுத்து, அதை முதலில் பொன் உருக்கும் மண்மூசைக்குள் போட்டான். யார் என்றே தெரியாத ஒன்றை உருக்குவதில் பாவம் குறைவு என்று நினைத்தான். ஊதுகுழலில் காற்று ஏற ஏறக் காசின் ஓரம் சரிந்து, ஒரு துளியாக உருண்டது. அதன் பிறகு மற்றவை எளிதாகிவிட்டன. வெற்றி உருகினாள். நலம் உருகினாள். சாத்திய கதவும் உருகியது. எல்லாம் ஒரே மஞ்சள் நீராக நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாண் உயரத்தில் அம்மன் வந்தாள். மன்றத்தில் ஒருவர் கொற்றவை என்றார். இன்னொருவர் திருமகள் என்றார். பேச்சு முற்றிக் கைகலப்பாகப் போன நேரத்தில், காய்ச்சல் தீர்க்கும் அம்மன் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார்கள். ஊர்வலத்தில் நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். பறை அடிக்க மூன்று பேர்தான் தேறினார்கள். ஐந்தாம் நாள் ஊர்த்தலைவரின் மகன் படுத்தான்.

எட்டாம் நாள் உச்சிவேளை. பிட்டன் உலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நூல் நூற்றுப் பிழைக்கும் பூதி. அவள் கணவன் துறைமுகத்தில் யவனக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றியவன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கடலில் மூழ்கிப் போனவன்.

"தட்டாரே, என் காசு உங்களிடம் இருக்கிறதா?"

"எந்தக் காசு, அம்மா?"

"நூல் கோத்தது. முகம் இருக்காது. ஓரத்தில் பல் பட்ட தடம் இருக்கும்."

பிட்டன் காலி மூசையைத் திரும்பிப் பார்த்தான்.

"அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான்," என்றாள் பூதி. "பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது கடிக்கக் கொடுத்தேன். பிறகு கழுத்தில் கட்டினேன். காசில் இருப்பவளை அவள் அத்தை என்பாள். எங்களுக்கு உறவு என்று யாரும் இல்லை. நான் நூற்கிற நேரம் முழுக்க அவள் அத்தையோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். பேசும்போது கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பாள். அதில்தான் முகம் போயிற்று. போனால் என்ன, அத்தை உள்ளேதான் இருக்கிறாள் என்பாள்."

"பிள்ளை இப்போது?"

பூதி அதைக் கேட்காதவள் போலப் பேசினாள். "மன்றத்தார் வந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். அம்மனுக்குக் கொடுத்தால் பிழைப்பாள் என்றார்கள். அவள் தூங்கும்போது நூலோடு கழற்றிக் கொடுத்துவிட்டேன். எழுந்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அத்தை எங்கே என்றாள். கோயிலுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். நேற்று வரைக்கும் கேட்டாள். இன்று விடியற்காலையில் கேட்கவில்லை."

பிட்டன் எழுந்து நின்றான்.

"பொன் எனக்கு வேண்டாம், தட்டாரே. பிள்ளையோடு தாழியில் வைத்துப் புதைக்கத்தான் கேட்கிறேன். வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன்."

"அம்மா... எல்லாக் காசும் அம்மனுக்குள் போய்விட்டது. உன் காசும் அங்கேதான் இருக்கிறது. நீ கோயிலுக்குப் போய்ப் பார்த்தால்..."

"பார்த்தேன்," என்றாள் பூதி. "அது வேறு யாரோ."

அவன் உள்ளே ஓடினான். அவன் மனைவியின் கழுத்தில் ஒரு யவனக் காசு இருந்தது. மன்றத்துக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டு, இதை அவளுக்காக வைத்திருந்தான். அவள் ஒன்றும் கேட்காமல் கழற்றிக் கொடுத்தாள். நாற்காலி, கோல், கையில் கிளை, எல்லாம் அப்படியே இருந்தன. மூக்கின் நுனி வரை தெளிவாகத் தெரிந்தது.

"இதை வைத்துக்கொள். ஒரே அச்சு. அதே பெண்தான். தேய்வதற்கு முன்னால் உன்னுடையதும் இப்படித்தான் இருந்திருக்கும்."

பூதி வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலை அந்த முகத்தின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அழகாக இருக்கிறாள். ஆனால் இவளுக்கு என் பிள்ளையைத் தெரியாது, தட்டாரே."

அவள் வாசலில் இறங்கினாள். ஏதாவது கேட்க வேண்டும் என்று பிட்டனுக்குத் தோன்றியது.

"தாழி கிடைத்ததா, அம்மா? குயவர் தெருவில் யாரும் இல்லையே."

"நெல் வைத்திருந்த தாழியைக் கழுவி வைத்திருக்கிறேன்," என்று திரும்பாமலே சொன்னாள்.

பிட்டன் மறுபடி உலைக்கு முன்னால் உட்கார்ந்தான். உலையில் நெருப்பு இல்லை. கையிலிருந்த காசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் வெட்டுப்பட்ட அரசன். மறுபக்கம் அமர்ந்திருக்கும் பெண். அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சற்று நேரத்தில் தெருவில் காலடி கேட்டது. தலை தூக்கிப் பார்த்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல், எழுந்து குன்றுக்கு நடந்தான்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அடிகள் குகை வாசலில் இருந்தார். உள்ளே யாரோ முனகும் ஓசை கேட்டது. பிட்டன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். காசை அவர் முன்னால் பாறையில் வைத்தான்.

"இரண்டும் ஒரே காசு, அடிகளே. ஒரே அச்சு. ஒன்றில் முகம் இருக்கிறது, அது அவளுக்கு வேண்டாம். மற்றதில் முகமே இல்லை, அதைத்தான் பிள்ளை அத்தை என்றாள். அப்படியானால் நான் உருக்கியது யாரை? எருமன் சொன்ன அமைதியையா? அரசனின் தாயையா? இல்லை, அந்தப் பிள்ளை தானே உண்டாக்கிக்கொண்ட ஒரு தெய்வத்தையா? அத்தை காசில் இருந்தாளா, பிள்ளையிடம் இருந்தாளா? பிள்ளையிடம் இருந்தாள் என்றால் நான் அழித்தது ஒன்றுமில்லை. காசில் இருந்தாள் என்றால்..."

அடிகள் காசைப் பார்க்கவில்லை. குன்றுக்குக் கீழே, ஆற்றுக்கு அப்பால் விரிந்த பொட்டல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெண் இப்போது எங்கே?"

"இடுகாட்டில் இருப்பாள்."

"கூட யார்?"

"யாருமில்லை. காய்ச்சல் வீட்டுக்கு யார் போவார்கள்?"

"பிள்ளையை யார் தூக்கிப் போனது?"

"அவளேதான். என் வாசலைத் தாண்டித்தான் போனாள். தாழி தலையில் இருந்தது. பிள்ளை இடுப்பில் இருந்தது."

"குழி?"

பிட்டனின் பார்வையும் அந்தப் பொட்டலுக்குப் போயிற்று.

"மண்ணைக் கிளறினால் அதிலுள்ள உயிர்கள் சாகும் என்று நாங்கள் தோண்டுவதில்லை," என்றார் அடிகள். "அது என் நோன்பு. உன் நோன்பு என்ன, பிட்டா?"